சத்தியமா இல்ல தம்பி

போன வாரம் பழைய வண்டியை விற்றேன். வாங்க வந்த பையன் "அண்ணே, எங்கேயும் விழுந்த வண்டி இல்லையே?" என்று கேட்டபோது "சத்தியமா இல்ல தம்பி" என்று வாயில் வந்துவிட்டது, இத்தனைக்கும் இடது பக்கக் கீறல் தெரியாமல் இருக்க ஸ்டிக்கர் ஒட்டியதே நான்தான்.

ஞாயிறு ஆராதனையில் யோவான் 18-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். இயேசுவை விசாரிக்கிற ரோம ஆளுநன் பிலாத்து "சத்தியமாவது என்ன?" என்று கேட்கிறான், கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் வெளியே போய்விடுகிறான். பதிலோ அவன் முன்னால் கைதியாக நிற்கிறது. நாலு அதிகாரத்துக்கு முன்னால்தான் 'நானே வழியும் சத்தியமும் ஜீவனும்' என்று சொன்னவர். கிறிஸ்தவத்தில் சத்தியம் வெறும் கொள்கை இல்லை, ஆள். தமிழில் மெய் என்றால் உண்மை, உடம்பும் அதே மெய்தான், வார்த்தை மாம்சமானதை, அதாவது கடவுளின் வார்த்தை இயேசு என்ற மனிதனாகப் பிறந்ததை, நமக்கு இதைவிட எளிதாக எப்படி விளக்குவது?

அப்புறம் இன்னொன்று. ஜெபம் முடிவில் சொல்கிற ஆமென்னும், எபிரேயத்தில் உண்மையைக் குறிக்கும் 'எமெத்'தும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. உறுதியானது, நம்பிச் சாயலாம் என்று பொருள். யோவானில் இயேசு "மெய்யாகவே மெய்யாகவே" என்கிற 25 இடத்திலும் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஆமென் ஆமென்'தான். ஆனால் நம்மிடம் மட்டும் (மத்தேயு 5) சத்தியமே பண்ணாதீர்கள், உள்ளதை உள்ளதென்று சொன்னால் போதும் என்கிறார். 'சத்தியமா' என்று நான் சேர்த்ததே பொய்க்கு முட்டுக்கொடுக்கத்தானே.

சரி, தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டாயிரம் திருப்பிக் கேட்டான், அனுப்பியாச்சு. ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு என்றான்.