சுண்ணாம்புச் சிமிழின் மூடி

கெமிஸ்ட்ரி சார் தவறிவிட்டார் என்று ஆடி மாதம் செய்தி வந்தது. சிங்கப்பூரில் நான் இரவு ஷிப்டில் முலாம் தொட்டிகளின் சூட்டைக் குறித்துக்கொண்டிருந்தேன். நம் வகுப்பு நண்பன் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பியிருந்தான். நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு அவரைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

ரெக்கார்டு நோட்டோடு வரிசையில் நிற்போமே, அந்த லேப் வராந்தாதான். 1984, பிளஸ் ஒன். கழுவும்போது பியூரெட்டைக் குழாயில் இடித்து உடைத்துவிட்டேன். அந்த மாதம் என் கையால் போன மூன்றாவது சாமான். சார் சத்தம் போடவில்லை. எல்லோர் முன்னாலும், "உன் கைக்கு இந்தப் பாடம் சரிப்படாது. நாளைக்கு நீ சிக்ரிக்கு வர வேண்டாம்" என்றார்.

மறுநாள் செப்டம்பர் 26, நம் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியை எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று திறந்துவிடும் நாள். அதற்காக வருஷம் முழுக்கக் காத்திருப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த ஆய்வகம். ஒரு மனிதரின் கொடையால் நம் பொட்டல் காட்டுக்கு வந்தது. அதன் வாசலுக்கு என் வகுப்பே நடந்து போனது. நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டு தனியாக இருந்தேன். அழுதேன்.

சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டது. சார் மட்டும் திரும்பி வந்திருந்தார். "வாடா" என்று கூப்பிட்டு, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் ஓர் இரும்பு ஆணியை முக்கி எடுத்தார். சிவந்திருந்தது. "துடை" என்றார். செம்பு முழுக்க என் கட்டை விரலில் வந்துவிட்டது. "தானாக வந்து படிந்தது நிற்காது" என்றார். அப்புறம் இடுப்பிலிருந்து பித்தளைச் சுண்ணாம்புச் சிமிழை எடுத்து, மூடியை மட்டும் கொடுத்தார். "புளி போட்டுத் தேய். கைரேகை பட்ட இடத்தில்கூட முலாம் பிடிக்காது. நிதானமாகக் கழுவு."

மூன்று முறை கழுவச் சொன்னார். மூடியையும் ஒரு செம்புக் கம்பியையும் டார்ச் பேட்டரியோடு இணைத்து, அதே கரைசலில் கால் மணி நேரம். மூடி இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. "நீயே வச்சுக்க" என்றார். முந்தின நாள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முப்பது வருஷமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். முலாம் உரிந்து வரும் சாமானில் பெரும்பாலும் கோளாறு கழுவியதில்தான் இருக்கும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரம் கழுவ மட்டும்தான் கற்றுக்கொடுப்பேன்.

பள்ளி முடியும் வரை சார் தன் சிமிழைக் காகிதத்தால் மூடி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் சம்பளத்தில் அவருக்கு வெள்ளிச் சிமிழ் வாங்கித் தர நினைத்தேன். வாங்கவில்லை. கடைசியாக ஊருக்குப் போனபோது பஸ் அவர் இருந்த செக்காலை வழியாகத்தான் போனது. கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கவில்லை. சிக்ரிக்குள்ளும் இன்றுவரை போனதில்லை.

மூடி என் மேஜையில் இருக்கிறது. கறுத்துவிட்டது, ஆனால் செம்பு உரியவில்லை.