துண்டுச் சீட்டுகள்: மண்டபத்து எழுத்தறையிலிருந்து

4 அக்டோபர் 2025, சனி

புரட்டாசி முடிவதற்குள் எழுதும் அறையை ஒழுங்கு பண்ணிவிட வேண்டும். வாடை திரும்பிவிட்டால் வடக்கு ஜன்னலைத் திறக்க முடியாது. எங்கள் தெரு வடகடலைப் பார்த்த தெரு. மண்டபத்தில் இந்தப் பக்கம் பாக் விரிகுடா, கொஞ்சம் நடந்தால் அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு கடலின் உப்பும் இந்த ஒரு அறைக்குள்தான் வந்து சேருகிறது.

முதலில் காகிதக் கட்டுகளில் கை வைத்தேன். ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்து, அந்தத் துரு தாளில் இறங்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு நூலால் கட்டினேன். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வெயில் காலத்திலும் இங்கே இரும்பு முழுதாகக் காய்வதில்லை.

மேசை பழைய வத்தைப் படகின் பலகையில் செய்தது. அதன் மேலும் பின்னால் அலமாரியிலும் பல வருஷமாக வந்து சேர்ந்த பொருள்கள். இந்த முறை தூசி தட்டுவதோடு விடப்போவதில்லை. ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கப் போகிறேன்: எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, எப்போது, கொடுத்தவர் என்ன சொன்னார். பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை இந்த ஈரத்தில் பரவிவிடுகிறது.

5 அக்டோபர், ஞாயிறு

இழுப்பறையில் இருந்த சோழிகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. உப்பென்று துடைத்துவிடக் கூடாது. மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் அசிட்டிக் அமிலத்தின் ஆவி வெளிவந்துகொண்டே இருக்கும். மூடிய இழுப்பறையில் ஈரமும் சேர்ந்தால் அது சிப்பியின் சுண்ணாம்பைத் தின்னும். 1899-லேயே பைன் என்ற இங்கிலாந்துக்காரர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், அதனால் இதற்குப் பைன் நோய் என்றே பெயர். கிருமியால் வருவது என்று அவர் நினைத்தார். அமிலம்தான் காரணம் என்பது பின்னால் தெளிவானது.

எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, கண்ணாடிப் பாட்டில்களுக்கு மாற்றினேன். நிறம் போனது போனதுதான், திரும்ப வராது.

சங்கு மட்டும் தப்பித்தது, அது முதலிலிருந்தே திறந்த அலமாரியில் இருந்ததால். கீழக்கரையில் சங்கு குளித்த ஒரு பெரியவர் கொடுத்தது. "ஆறு பாகத்துல எடுத்தேம்மா, அன்னைக்குத் தண்ணி கலங்கல்" என்றார் (பாகம் என்பது கடல் ஆழத்தின் அளவு). அதை அப்படியே சீட்டில் எழுதினேன். கலங்கல் தண்ணீரில் கையால் தடவித் தேடுகிற ஒரு ஆளை நான் எழுதியதே அந்த ஒரு வரியிலிருந்துதான்.

8 அக்டோபர், புதன்

பக்கத்துத் தெரு அக்கா வந்தார். மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். அலமாரியில் அவர் விரலில் சுற்றியிருந்த துணி இருக்கிறது, பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்கச் சுற்றுவது. "இதைப் போயி வச்சிருக்கியே தாயி" என்று கையில் எடுத்துப் பார்த்தார். சீட்டை வாசித்துக் காட்டினேன். "சித்திரையில இல்ல, அதுக்கு முந்தியே" என்று திருத்தினார். திருத்தி எழுதினேன். சீட்டு இருந்தால்தான் திருத்தவாவது முடிகிறது.

பவளப்பாறைத் துண்டு ஒன்று கொண்டுவரட்டுமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்றே சொல்கிறேன். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுக்கவும் விற்கவும் கூடாது. அதற்கு முன்னால் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம்.

இந்த அறையின் பின்சுவரும் அந்தக் கல்தான். தாத்தா காலத்துச் சுவர். பூச்சு உதிர்ந்த இடத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிகிறது. மறுபடி பூசச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள். அந்த ஒரு முழ இடத்தை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு சீட்டு, சுவரிலேயே ஒட்டினேன்.

11 அக்டோபர், சனி

அப்பாவின் சுத்தியல் தலை. அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்தவற்றை அடித்து இறுக்குவது வேலை. பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது உட்கார்ந்துவிட்டு, ஓய்ந்ததும் எழுந்து நடப்பாராம்.

துரு செதில் செதிலாக உரிகிறது. மேலே எண்ணெய் தடவினால் போதாது, உள்ளே இறங்கிய உப்பு இருக்கும்வரை துரு நிற்காது. அதனால் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். பிறகு நன்றாகக் காயவைத்து மெழுகு பூச வேண்டும்.

1914-ல் திறந்த பாலம். 1964 புயலில் கர்டர்கள் கடலுக்குள் போய், 46 நாளில் மீண்டும் கட்டி நிறுத்திய பாலம். கப்பலுக்காக நடுவில் தூக்கும் பகுதியை ஆட்கள் கையாலேயே சுற்றித் திறப்பார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தபோது எல்லோரும் செங்குத்தாக மேலே போகும் தூக்குப் பாலத்தைப் பார்த்தார்கள். நான் பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே நடந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சீட்டில் அப்பா பெயரை முழுசாக எழுதினேன்.

15 அக்டோபர், புதன்

அண்ணன் மகன் அழகன்குளம் போய் வந்திருக்கிறான். "அத்தை, உங்க அலமாரிக்கு ஒரு ஓடு எடுத்துட்டு வரலாம்னு பார்த்தேன்" என்றான். நல்லவேளை, எடுக்கவில்லை. வைகை கடலில் சேரும் அந்த ஊரில் 1986-லிருந்து தோண்டியிருக்கிறார்கள். ரோமானிய நாணயங்களும் ரௌலட்டட் என்னும் புள்ளி வரி அலங்காரப் பானை ஓடுகளும் கிடைத்தன. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஒரு ஓட்டின் காலத்தைச் சொல்ல முடியும். பெயர்த்து என் மேசையில் வைத்தால் அது வெறும் ஓடு. இதைச் சொன்னதும் அவனுக்குச் சட்டென்று புரிந்தது. மீதிச் சீட்டுகளை அவனே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

17 அக்டோபர், வெள்ளி

மழை. ஜன்னலைச் சாத்தியாயிற்று.

இன்று எனாமல் தட்டு. நீல விளிம்பு, ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்து கறுத்திருக்கிறது. இந்த அறையில் எனக்கு மிக நெருக்கமான பொருள் இது. என் அத்தை சொல்வது: தனுஷ்கோடியில் ஆச்சி வைத்திருந்த இட்லிக் கடையின் தட்டு. 1964 டிசம்பர் 22 ராத்திரிக்குச் சில நாள் முன்பு ஒரு விசேஷத்துக்காகத் தங்கச்சிமடம் வந்தபோது பலகாரம் வைத்துக் கொண்டுவந்தது. அதனால் தட்டு தப்பியது. சித்தப்பா சொல்வது வேறு: தனுஷ்கோடியிலிருந்து ஒரு கரண்டிகூட வரவில்லை, எல்லாம் போன பிறகு இராமேஸ்வரத்தில் வாங்கிய முதல் தட்டு இது.

இரண்டில் எது நடந்தது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அடியில் எந்த முத்திரையும் இல்லை. அண்ணன் மகன் அத்தை சொல்வதையே எழுதலாம் என்றான், கேட்க நன்றாக இருக்கிறதாம். எனக்கு அப்படி விட மனமில்லை. பாம்பன் பாசஞ்சர் ரயிலோடு சேர்ந்து ஒரு ஊரே போன ராத்திரி அது. அதில் தப்பியது என்று ஒரு பொருளைச் சொல்வதற்கு முன்னால் அது உண்மைதானா என்று பார்க்க வேண்டிய கடமை எழுதுகிறவளுக்கு உண்டு. அதே சமயம் சித்தப்பா அப்போது கைக்குழந்தை, அவர் சொல்வதும் கேட்டுச் சொல்வதுதான். அத்தைக்கு ஒன்பது வயது.

சீட்டில் இரண்டையும் எழுதினேன், யார் சொன்னது, அப்போது அவர்களுக்கு என்ன வயது என்பதோடு.

23 அக்டோபர், வியாழன்

சீட்டு எழுத வழியில்லாத பொருள்கள் ஒரு கூடை சேர்ந்துவிட்டன. பொம்மைப் படகு, பெயர் தெரியாத விழாக்களின் நினைவுப் பரிசுகள். தெருப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அலமாரியில் இப்போது கை நுழைய இடமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தங்கச்சிமடம் போகிறேன். அத்தையிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்தேன். என்ன விசேஷம்? யார் வீட்டில்? பலகாரம் எது? தட்டு ஒன்றுதானா, ஜோடியா? ஜோடி என்றால் இன்னொன்று யாரிடம்?