பைண்டிங் காடி எடுக்க எந்த ஜிக்? நான் தேர்ந்தெடுத்த விதம்

கிட்டார் செய்வதில் எனக்கு நெஞ்சு படபடக்கும் கட்டம், விளிம்பைச் சுற்றிப் பைண்டிங் என்னும் ஓரப் பட்டை பதிக்கக் காடி (பள்ளம்) எடுப்பதுதான். பெட்டி முழுதும் ஒட்டி மூடியாகிவிட்டது. இனி ரவுட்டர் என்னும் மரம் குடையும் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் வெட்டு அலகை (பிட்) அதன் ஓரத்தில் வைக்க வேண்டும். பக்கப்பலகையின் கனமே 2 மி.மீ. சொச்சம்தான். பைண்டிங்கும் ஏறக்குறைய அதே கனம். ஆக, காடி எடுத்த இடத்தில் பக்கப்பலகை அநேகமாக மிஞ்சுவதில்லை. உள்ளே ஒட்டிய லைனிங் என்னும் மரக்கீற்றுதான் பட்டையைத் தாங்குகிறது.

பேரிங் (பக்கப்பலகையைத் தொட்டு உருளும் சிறு சக்கரம்) மாட்டிய பிட்டைச் சின்ன ட்ரிம் ரவுட்டரில் போட்டு, கையிலேயே பிடித்துச் சுற்றி வரலாம். நானும் முதலில் அந்த வழியைத்தான் பார்த்தேன். ஆனால் அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல் பலகையும் பின் பலகையும் தட்டையானவை அல்ல. பின் பலகை பெரும்பாலும் 15 அடி ஆர வளைவில் மேடாக இருக்கும். ரவுட்டரின் அடித்தட்டு அந்த மேட்டில் உட்கார்ந்தால், அகலமான அடிவயிற்றின் ஓரத்தில் பிட் 2 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். 6 மி.மீ. உயரக் காடியில் அது கால் மில்லிமீட்டரைத் தொடும். கேட்கச் சொற்பம்தான், ஆனால் பட்டையே 2 மி.மீ. என்னும்போது அது சொற்பமல்ல. பேரிங் கீழே பக்கப்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்க, பிட்டின் மேல்பாகம் வெளியே விலகி நிற்கும். காடி மேலே மேலோட்டமாகவும் கீழே ஆழமாகவும் விழும். ஒட்டிய பட்டை வெளிப்பக்கம் சாயும். அதைச் சுரண்டிச் சமன் செய்தால் பட்டை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரியும்.

இதோடு பெட்டியின் ஆழமும் வால்பக்கத்திலிருந்து கழுத்துப்பக்கம் வரக் குறைகிறது. தோள் பகுதியில் அந்தச் சரிவும் வளைவும் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும்.

ரவுட்டரே வேண்டாம், காடியின் அளவைப் பிளேடு வைத்த வரிகோலால் கீறி, உளியால் எடுக்கலாம் என்றும் யோசித்தேன். அது பழைய வழி, எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இறுகிய, நார் முறுகிய மரத்தில், பைண்டிங்குக்கு ஒரு காடி, பர்ஃப்ளிங் என்னும் அலங்காரக் கோட்டுக்கு அதற்குள் இன்னொன்று என்று எடுக்கும்போது சீராக வர வேண்டும். அதற்கு இயந்திரமே எனக்குச் சரியாகப்பட்டது.

அதற்குப் பிறகு ரவுட்டரைப் பிடித்து வழிநடத்தும் துணைச்சாதனமான ஜிக் எதைப் பார்த்தாலும் இரண்டே கேள்விதான் கேட்டேன். ரவுட்டர் எதை வைத்துச் செங்குத்தாக நிற்கிறது? ஆழத்தை எங்கிருந்து எடுக்கிறது?

இரண்டுக்கும் ஒருசேரப் பதில் சொன்னது கோபுர வகைதான். ஒரு தூணில் ரவுட்டர் மேலும் கீழும் மட்டுமே மிதக்கும், அது சாயாது. கிட்டார் உடல் தனியாக ஒரு தொட்டில்மேல் உட்காரும். ரவுட்டரை நகர்த்துவதில்லை, தொட்டிலைத்தான் மேஜைமேல் நகர்த்திப் பிட்டிடம் கொண்டுபோகிறோம். ரவுட்டருக்கடியில் குறுகிய வளையம் ஒன்று ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ளே தொடும். பலகை எவ்வளவு மேடாக இருந்தாலும், வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழம் அளக்கப்படுகிறது. இணைகரக் கையில் ரவுட்டரைத் தொங்கவிடும் வகையும் இதே தத்துவம்தான்; ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும்.

தூணில் நான் கூர்ந்து பார்த்தது ஆட்டத்தை. மேஜை டிராயருக்குப் போடும் சறுக்குத் தண்டவாளத்தில் செய்த தூணில், பிட்டின் நுனியை விரலால் தள்ளினாலே அசைவு தெரிந்தது. அந்த அசைவு காடிச் சுவரில் அலையலையாகப் பதியும். நேர்கோட்டில் மட்டும் சறுக்கும் லீனியர் பேரிங் போட்டது அசையவில்லை. அதைத்தான் எடுத்தேன். ரவுட்டரின் முழு எடையும் மென்மையான ஸ்ப்ரூஸ் மர மேல் பலகையில் இறங்கினால் வளையத்தின் தடம் விழும் என்பதால், எடையைத் தூக்கிப்பிடிக்க ஸ்பிரிங் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

தொட்டிலைச் சரிசெய்யத்தான் பொறுமை வேண்டும். மேல் பலகைக்குக் காடி எடுக்கும்போது உடல் சரிவான பின் பலகைமேல் படுக்கிறது. மூலமட்டத்தை மேஜையில் நிறுத்தி, வால், இடுப்பு, தோள் என ஒவ்வொரு இடமாகப் பக்கப்பலகையோடு சேர்த்துப் பார்த்து, இடைவெளியில் வெளிச்சம் ஒரே சீராகத் தெரியும்வரை தொட்டிலின் திருகுகளை ஏற்றி இறக்கினேன். உடலைக் கவிழ்த்ததும் மறுபடி முதலிலிருந்து.

காடியின் அகலத்தை முடிவுசெய்வது பேரிங். பிட்டின் விட்டத்திலிருந்து பேரிங்கின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்க வேண்டும்: 19 மி.மீ. பிட்டுக்கு 15 மி.மீ. பேரிங் போட்டால் 2 மி.மீ. காடி. பட்டை ஒரு நூலளவு வெளியே நிற்கிற மாதிரி அளவு வைத்தேன். மீதியைப் பிறகு சுரண்டிவிடலாம். பேரிங் காடிக்கு நெருங்கித் தொடுவது முக்கியம். ரொம்பக் கீழே தொட்டால் அங்கே இருக்கும் பள்ளமும் மேடும் மேலே காடியில் வந்துவிடும். ஒட்டின பசை ஒரு சொட்டு காய்ந்து நின்றாலும் அது காடியில் பதியும் என்பதால், பக்கப்பலகையை முதலிலேயே சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும்.

வெட்டும் திசையும் உயிர்நாடி. உடலின் அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்தை நோக்கி வெட்டினால் ஸ்ப்ரூஸ் பிளக்காது. அப்படியானால் சில பகுதிகளில் பிட் சுழலும் திசையிலேயே போக வேண்டிவரும். கையில் பிடித்த ரவுட்டர் அங்கே இழுத்துக்கொண்டு ஓடும். தொட்டிலில் உடலையே இரண்டு கையாலும் பிடித்திருப்பதால் அந்த இழுப்பு அடங்கிவிடுகிறது. ஓரத்தில் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். சிம்பு கிளம்பவில்லை.

இந்த ஜிக் எட்டாத ஓர் இடமும் உண்டு. கட்அவே (தோளில் உள்வாங்கிய வெட்டு) உள்ள உடலில், அதன் கூர்மையான உள்மூலையில் வட்டமான பேரிங் கடைசிவரை போகாது. அந்த மிச்சத்தைக் கூரான உளியால்தான் எடுக்கிறேன்.