வெள்ளைத் தாளோடு மல்லுக்கட்டு: டிஃபரன்ஸ் எக்ஸ்பேன்ஷன் ஒருவழியாக முழுசாகத் திரும்பியது

படத்துக்குள் ஒரு குறியை ஒளித்துவைத்து, பிறகு அதை எடுத்துவிட்டு மூலப் படத்தை அப்படியே மீட்பதுதான் வேலை. மீண்ட படத்தின் ஷா-256, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண், பொருந்திவிட்டது. குறியை ஏற்றி, திரும்ப உருவி எடுத்து, மீண்ட படத்தை ஸ்கேனர் தந்த மூலத்தோடு ஒப்பிட்டால் ஒரு பிட் கூட மாறவில்லை. இரண்டு படங்கள் எவ்வளவு நெருக்கம் என்று டெசிபெல்லில் சொல்லும் பிஎஸ்என்ஆர் எண்ணைக் காட்டி "மீட்டாச்சு" என்று சொல்லும் நிரல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ரிவர்சிபிள், அதாவது பழையபடி திரும்பக்கூடியது, என்று பெயர் வைத்துவிட்டு 60 டெசிபெல்லில் நிறுத்தினால் எப்படி? முழுசாக வர வேண்டும், இல்லையென்றால் வரவில்லை.

படங்கள் ஒரு நண்பர் வரையும் பென்சில் ஓவியங்கள். 8 பிட் கிரேஸ்கேல் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை), பிஎன்ஜி. யார் வரைந்தது, எப்போது ஸ்கேன் செய்தது என்பதெல்லாம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தேவைப்படும்போது மூல ஸ்கேனும் அப்படியே கிடைக்க வேண்டும். முறை, ஜுன் தியான் 2003-ல் வெளியிட்ட டிஃபரன்ஸ் எக்ஸ்பேன்ஷன், அதாவது பிக்சல் ஜோடியின் வித்தியாசத்தை விரித்து அதில் குறியை ஏற்றுவது. "உச்சம் 255-லேயே நிற்கிற படத்துக்கு ஹிஸ்டோகிராம் ஷிஃப்டிங் போதுமே, 48 டெசிபெல்லுக்குக் கீழே போகவே போகாதே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். உச்சத்துக்கும் காலியான மட்டத்துக்கும் நடுவே உள்ள பிக்சல்களை ஒரு படி நகர்த்தி இடம் உண்டாக்கும் முறை அது. ஆனால் என் ஸ்கேன்களில் காலியான மட்டம் என்று ஒன்று கிடைப்பதே அபூர்வம். தவிர, இந்த முறையின் கணக்கு மேல் எனக்கு ஒரு பிடிவாதம்.

பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 120, 117 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியைக் கீழே முழுமையாக்கினால் 118, வித்தியாசம் 3. வித்தியாசத்தை இரட்டித்து, பிட் 1-ஐக் கூட்டினால் 7. 118-க்கு மேலே 4, கீழே 3 என்று அந்த 7-ஐப் பிரித்தால் ஜோடி 122, 115 ஆகிறது. திரும்பும்போது சராசரி அதே 118. 7-ன் கடைசி பிட்தான் குறி. பாதியாக்கிக் கீழே முழுமையாக்கினால் 3. பழைய ஜோடி வந்துவிடும். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அலுக்காத கணக்கு.

தொல்லை கொடுத்தது லொக்கேஷன் மேப். எந்த ஜோடியை விரித்தோம், எதை விட்டோம் என்று ஜோடிக்கு ஒரு பிட். 512க்கு 512 படத்தில் 1,31,072 பிட். அதைச் சுருக்கி அதே படத்துக்குள்ளேயே திணிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் லீனா என்ற கறுப்பு வெள்ளைச் சோதனைப் படத்தில் உச்ச வெள்ளை கிட்டத்தட்ட இல்லை, அதனால் மேப் சமர்த்தாகச் சுருங்கிவிடுகிறது. பென்சில் ஓவியத்தில் முக்கால்வாசி வெறும் தாள். 255, 255 என்ற ஜோடியில் பிட் 1-ஐ ஏற்றினால் ஒன்று 256-க்குப் போகும். ஆக விரிக்கவும் முடியாது, கடைசி பிட்டை மாற்றவும் முடியாது. தாளின் சொரசொரப்பு வேறு. 254, 255 என்று இருந்தால் ஏற்கும். 255, 254 என்று திரும்பி நின்றால் ஏற்காது! மேப் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. மேப்பைச் சுருக்க நான் போட்ட இசட்லிப் வரிசையாக மட்டும் பார்க்கும். மேல் வரியையும் பார்த்துச் சுருக்குகிற ஜேபிக்2 இருந்தால் கொஞ்சம் தேவலை. குறிக்கென்று மிஞ்சிய இடம் பெயர் எழுதக்கூடப் போதவில்லை.

வழி திறந்தது எதிர்ப்பக்கத்தில். 0, 0 ஜோடியை எடுத்துப் பாருங்கள். பிட் 1-ஐ ஏற்றினால் 1, 0. எதுவும் எல்லை தாண்டவில்லை. கீழே முழுமையாக்குவதால் கூடுதல் ஒன்று எப்போதும் மேல்பக்கம்தான் போகிறது. வெள்ளைக்கு ஆகாதது கறுப்புக்கு ஆகிறது. சரி என்று ஒவ்வொரு மதிப்பையும் 255-லிருந்து கழித்து, படத்தை நெகட்டிவ் ஆக்கி, குறியை ஏற்றி, மறுபடி திருப்பினேன். வெறும் வெள்ளை எல்லாம் இடமாக மாறிவிட்டது. 254-ம் 255-ம் கலந்த ஜோடிகள் மொத்தமாகக் கையை விட்டுப் போகும், போகட்டும். கிராஃபைட் முழுக் கறுப்பைத் தொடுவது அரிது, அதனால் மறுமுனையில் இழப்பு ஒன்றுமில்லை. நண்பர் சார்க்கோலுக்கு மாறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட நல்ல மருந்து ஸ்கேனரிலேயே இருக்கிறது. தானாக வெளிச்சம் சரிசெய்யும் வேலையை நிறுத்தி, தாள் 240 பக்கம் விழுகிற மாதிரி வைத்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பழைய ஸ்கேன்களை என்ன செய்ய? ஓவியங்களில் பாதி விற்றுப் போய்விட்டன. ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் ரெசல்யூஷன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வெள்ளைப் புள்ளியைக் கையால் அமைக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார், பரவாயில்லை.

பைத்தானிலிருந்து சி-க்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க: -3-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைத்தான் -2 தரும், சி -1 தரும். ஒற்றைப்படை மைனஸ் வித்தியாசங்கள் எல்லாம் மீளாமல் நிற்கும். பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் கழிப்பதற்கு முன், மைனஸ் எண்களுக்கும் இடம் தரும் இன்ட்16-க்கு மாற்றச் சொல்லி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை வைத்துத் திருட்டைத் தடுக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஒருமுறை ஜேபெக் ஆக்கினால் குறியும் போச்சு, மீட்பும் போச்சு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதிதான். கையிலுள்ள கோப்பை யாரும் தொடவில்லை என்று உறுதி சொல்ல இது உதவும். மருத்துவப் படங்களுக்கு இந்த வகை முறைகளைப் பேசுவதும் அதனால்தான்.

அடுத்து, நாலு பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை வைத்து நடுப்பிக்சலைக் கணித்து, அந்தப் பிழையை விரிக்கும் முறை. 2009-ல் சாச்னெவ் குழு செய்தது. அதற்கான நிரலைப் பாதி எழுதிவிட்டேன், இது முடிவதற்குள்ளேயே. இதில் பாக்கி ஒன்றுதான்: படம் நெகட்டிவ் ஆக்கி ஏற்றப்பட்டதா என்பது மீட்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு பிட்டைப் படத்துக்குள் வைத்தால், படிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்குக் கோப்பின் பெயரில் ஒட்டிவைத்திருக்கிறேன். இரண்டு விதமாகவும் பிரித்துப் பார்த்து, தரவு பிழையின்றி வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி எதில் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் செய்வதாகத் திட்டம்.