"லேப் தானா சேர்ந்துடும்" என்றார்கள்

இந்த செமஸ்டரில் மூன்று பாடம் எடுத்தேன்: அக்கவுண்டிங், மனித உயிரியல், குற்றவியல் நீதி. பொருத்தம் பார்த்து எடுத்தவை அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற எனக்கு மாலை நேரத்தில் கிடைத்தவை இவைதான். விண்ணப்பம், ஃபீஸ், அடையாள அட்டை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. வினை வந்தது லேபில்.

மனித உயிரியலுக்கு வகுப்பு தனி, லேப் தனி. சந்தேகம் வந்து கவுன்ட்டரில் கேட்டேன். "லேப் தானா சேர்ந்துடும், நீங்க கிளம்புங்க" என்றார் அங்கே இருந்தவர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நானும் கிளம்பிவிட்டேன். இரண்டாம் வாரம் லேப் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். என் பெயர் இல்லை. பாடம் சேர்க்கும் கடைசித் தேதி முந்தைய நாளோடு முடிந்திருந்தது.

அப்புறம் அலைச்சல்தான். ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்றது கவுன்ட்டர். ஆசிரியர் நல்லவர், உடனே போட்டுக் கொடுத்தார். ஆனால் துறைத் தலைவரும் போட வேண்டுமாம். அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அரை நாள் லீவு போட்டு, காத்திருந்து வாங்கிக்கொண்டு போனால், "இது பழைய ஃபார்ம். புதுசுல எழுதிட்டு வாங்க."

"லேப் தானா சேரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நானா? நான் அப்படிச் சொல்லவே மாட்டேனே."

அன்று மாலை குற்றவியல் நீதி வகுப்பில் என்ன பாடம் தெரியுமா? குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும்; சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அந்தக் கணக்கில் கவுன்ட்டர்காரர் நிரபராதி. என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சேரப்போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: எதைக் கேட்டாலும் மின்னஞ்சலில் கேளுங்கள். பாட விவரத்தில் 'முன்தேவை' (முதலில் முடித்திருக்க வேண்டிய பாடம்), 'இணைப் பதிவு' (கூடவே பதிய வேண்டிய பாடம்) என்று பொடி எழுத்தில் வரும் வரிகளை விட்டுவிடாதீர்கள். எனக்கான பதில் அங்கேதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

புது ஃபார்மில் மறுபடியும் இரண்டு கையெழுத்து. அடுத்த முறை போனபோது கவுன்ட்டரில் வேறொருவர். ஃபார்மைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இடம் இருக்குல்ல? சேர்த்துடறேன்" என்று இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். அதே விதி, அதே தாமதம். குற்றவியல் நீதியில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தற்துணிபு அதிகாரம். ஒரே தவறுக்கு ஒரு போலீஸ்காரர் அபராதம் எழுதுவார், இன்னொருவர் எச்சரித்து அனுப்புவார். இதையே வைத்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய அதிகபட்ச மதிப்பெண் அதுதான். துப்பறியும் தொடர் போல இருக்கும் என்று நினைத்து அந்தப் பாடத்துக்குப் போகாதீர்கள். காவல், நீதிமன்றம், சிறை, இவற்றுக்கு நடுவே நகரும் காகிதம், பாதிப் பாடம் அதுதான்.

லேபில் இரண்டு வாரம் போனது போனதுதான், ஈடு செய்ய வழியில்லை. மூன்றாம் வாரம் கையில் ஆட்டு இதயம். படத்தைப் பார்த்து இடது வெண்ட்ரிக்கிளை, அதாவது இதயத்தின் இடது கீழறையை, நம்பிக்கையோடு தொட்டேன், அது வலது. படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய இடது நமக்கு வலப்பக்கம். பக்கத்தில் இருந்த பெண் சொன்ன யோசனை அருமை: "கண்ணால பாக்காதீங்க, ரெண்டு பக்கமும் விரலால அமுக்கிப் பாருங்க." ஒரு பக்கம் தொளதொளவென்று மடங்கியது. மறுபக்கம் அசையவில்லை, அவ்வளவு தடித்த சுவர். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது இடது, நுரையீரல் வரை தள்ளினால் போதும் வலதுக்கு. செய்முறைத் தேர்வில் ஊசி குத்தி வைத்துக் கேட்டபோது கைகொடுத்தது அந்த விரல்தான்.

அக்கவுண்டிங்கிலும் இதே இடது வலது பஞ்சாயத்துதான். டெபிட் என்றால் இடப்பக்கம், கிரெடிட் என்றால் வலப்பக்கம், வேறு அர்த்தம் தேடாதீர்கள். பேங்க் செய்தியில் 'கிரெடிட்' வந்தால் சந்தோஷப்பட்டே பழகியவர்களுக்கு முதல் மாதம் தலை சுற்றும். வங்கி எழுதுவது அதன் புத்தகத்தில். நம் பணம் அதற்குக் கடன், அதனால் கிரெடிட். நம் புத்தகத்தில் அதே பணம் டெபிட்.

ஒரு ராத்திரி ட்ரையல் பேலன்ஸ், அதாவது டெபிட் மொத்தமும் கிரெடிட் மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியல், 2,700 இடித்தது. இரண்டு மணி நேரம் பேரேட்டைப் புரட்டினேன். பிறகுதான் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது: வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா பார். 2,700-ஐ 9-ஆல் வகுத்தால் 300. தேடினால், 5,830 என்று எழுத வேண்டிய இடத்தில் 8,530. அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன். ஆனால் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. ஒரு பரிவர்த்தனையை அடியோடு எழுத மறந்தாலும் பக்கங்கள் சமமாகத்தான் நிற்கும். ஒரு டெஸ்டில் அப்படியும் மதிப்பெண் விட்டேன்.

மூன்றிலும் தேறிவிட்டேன். மதிப்பெண் பட்டியலில் லேப் தனி வரியாக, 1 கிரெடிட் (இது பாட அலகு) என்று வந்திருக்கிறது. தாமதப் பதிவுக் கட்டணம் மட்டும் கல்லூரிக் கணக்கில் என் பெயரில் டெபிட்டாகவே நிற்கிறது. தள்ளுபடி கேட்டு மனு போட்டிருக்கிறேன், இந்த முறை மின்னஞ்சலில்.