ஒற்றை ஆள் பாய்மரப் படகு: ஒலிம்பிக் பந்தயத்தை எப்படிப் பார்ப்பது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் பாரிஸில் நடக்கவில்லை. தெற்கே மத்தியதரைக் கடலோரம், மார்செய் நகரின் ரூகா பிளாங் மரினாவில் நடந்தன. மொத்தம் 10 பதக்கப் பிரிவுகள். இந்தியாவிலிருந்து இருவர் இறங்கினார்கள். ஆண்களுக்கான ஐஎல்சிஏ 7 (ஒருவரே ஓட்டும் சிறு பாய்மரப் படகு வகை) பிரிவில் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 18-வது இடம் பிடித்தார். பெண்களுக்கான ஐஎல்சிஏ 6 பிரிவில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 21-வது இடம். இரண்டு பிரிவிலும் தலா 43 படகுகள். நம் செய்திகளில் இதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால்தான் அவற்றின் மதிப்பு புரியும்.

இது ஒரே ஓட்டத்தில் முடிகிற பந்தயம் அல்ல. பல நாட்களில் பல பந்தயங்கள். முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, முப்பத்து நான்காவதுக்கு 34. குறைந்த கூட்டுத்தொகை எடுத்தவர் மேலே. ஒவ்வொருவருக்கும் மிக மோசமான ஒரு பந்தயம் கணக்கிலிருந்து கழிக்கப்படும். பந்தயத்தை முடிக்காவிட்டாலோ தகுதியிழந்தாலோ, கலந்துகொண்ட படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டித் தருவார்கள். மார்செயில் அது 44. விஷ்ணு முதல் பந்தயத்தில் 10, அடுத்ததில் 34. ஒரே நாளுக்குள் இவ்வளவு இறக்கம் இந்த விளையாட்டில் சாதாரணம். அந்த 34-ஐக் கழித்துவிடலாம், ஆனால் கழிக்க அந்த ஒன்றுதான் உண்டு. அதற்குப் பிறகு இன்னொரு மோசமான பந்தயம் வந்தால் அது முழுதாகத் தலையில் விழும். பதக்கம் வாங்குகிறவர்கள் எல்லாப் பந்தயங்களையும் ஜெயிப்பதில்லை. அவர்கள் கணக்கில் முப்பதுகள் இருக்காது, அவ்வளவுதான்.

படகைப் பார்ப்போம். நீளம் சுமார் 4.2 மீட்டர், பாயும் மரமும் இல்லாத படகுடலின் எடை சுமார் 59 கிலோ. 7-க்கும் 6-க்கும் உடல் ஒன்றேதான். பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மாறும். 7-இன் பாய் 7.06 சதுர மீட்டர், 6-இன் பாய் 5.76. ஒலிம்பிக்கில் இந்தப் படகுகளை அமைப்பாளர்களே தருகிறார்கள். சொந்தப் படகைக் கொண்டுவந்து சாதகம் தேட முடியாது. மீதி இருப்பது ஆளின் எடை, உடல்வலு, கயிறுகளைச் சரிசெய்யும் அறிவு, காற்றைப் படிக்கும் கண்.

கயிறுகளில் முக்கியமானவை நான்கு. மெயின்ஷீட் பாயை உள்ளே இழுக்கும். வாங், பூம் (பாயின் அடியில் கிடையாக நீளும் கம்பம்) மேலே தூக்காமல் பிடிக்கும். கன்னிங்ஹாம் பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும். அவுட்ஹால் அடிவிளிம்பின் ஆழத்தை மாற்றும். வாங்கை வைக்க எல்லோரும் தொடங்குகிற நிலை ஒன்று: மெயின்ஷீட்டை இழுத்துப் பூமின் பின்முனைக் கப்பியும் கீழே டிராவலர் (படகின் பின்பக்கம் குறுக்கே ஓடும் கயிறு) கப்பியும் முட்டும்வரை கொண்டுவந்து, அப்போது வாங்கில் இருக்கும் தொய்வை மட்டும் எடுத்துவிடுவது. காற்று ஏற ஏற அதிலிருந்து இறுக்கலாம். பலத்த காற்றில் கன்னிங்ஹாமைத் தயங்காமல் இழுக்க வேண்டும், பாயின் மேல்பகுதி திறந்துகொண்டு அதிகப்படிக் காற்றை விட்டுவிடும். மெல்லிய காற்றில் நேர்மாறு. கன்னிங்ஹாம் தளர்வாக, முன்விளிம்பில் சுருக்கம் தெரிந்தாலும் பரவாயில்லை. டிராவலர் மட்டும் எப்போதும் இறுக்கம். புதியவர்கள் அடிக்கடி கவனிக்காமல் விடுவது பாய்மரம் நிற்கும் குழி. அதற்குள் மணல் இருந்தால் பாய்மரம் திரும்பும்போதெல்லாம் அடியை அரைத்துக்கொண்டே இருக்கும், நாளடைவில் குழி ஒழுகும். மரத்தை நிறுத்துவதற்கு முன் கழுவுங்கள். படகின் பின்புற அடைப்பானையும் பாருங்கள்.

மார்செயில் மிஸ்ட்ரால் என்ற வடமேற்குக் காற்று பேர்போனது. ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, கரையிலிருந்து கடல்நோக்கிச் சீறும். ஆனால் போட்டி நாட்களில் வீரர்களை வாட்டியது காற்றின்மை. ஐஎல்சிஏ பதக்கப் பந்தயங்களை ஆகஸ்ட் 6-இல் நடத்த முடியாமல் மறுநாளுக்குத் தள்ளினார்கள். காற்று வராதபோது ஒத்திவைப்புக் கொடி ஏறும், வெயிலில் மணிக்கணக்கில் காத்திருப்பு. மெல்லிய காற்றில் உடல் அசைவே பெரும்பாதி வேலை. டேகர்போர்டுக்கு (படகின் நடுவில் நீருக்குள் இறங்கும் பலகை) அருகே முன்னால் வந்து உட்கார்ந்து, படகை லேசாகக் காற்று போகும் பக்கம் சாய்க்க வேண்டும். நீரில் உரசும் பரப்பு குறையும், பாயும் தன் எடையாலேயே வடிவம் பிடிக்கும். சுக்கானை ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அது பிரேக்காக மாறுகிறது, ஆகவே கை அமைதியாக இருக்க வேண்டும்.

என் கணிப்பில் பந்தயத்தின் பாதி, தொடக்கக் கோட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரிவுக் கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், பூஜ்யத்தில் பிரிவுக் கொடி இறங்கும். கொடிகளோடு ஒலியும் உண்டு, ஆனால் நேரத்துக்குக் கொடிதான் ஆதாரம். கோடு காற்றுக்குச் சரியாகக் குறுக்கே இருப்பது அபூர்வம். 200 மீட்டர் கோடு 10 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு முனை மற்றதைவிட 35 மீட்டர் காற்றின் பக்கம் முன்னே இருக்கும். எட்டுப் படகு நீளம்! எந்த முனை என்று கண்டுபிடிக்க, கோட்டின் நடுவில் படகை நேராகக் காற்றை நோக்கி நிறுத்துங்கள். மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்கிறதோ அதுவே சாதகமான முனை. ஆனால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், அங்கே நெரிசல் வரும். முனைக்குச் சற்றுத் தள்ளி நிற்பதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

கோட்டின் நடுவில் இன்னொரு சிக்கல். இரு முனையிலும் இருப்பவர்களுக்குக் கோடு தெளிவாகத் தெரியும். நடுவில் இருப்பவர்கள் பயத்தில் பின்வாங்கிவிடுவார்கள், அந்த வரிசை ஒரு படகு நீளம், இரண்டு படகு நீளம் என்று தொய்ந்துபோகும். முன்கூட்டியே கோட்டின் ஒரு முனைக்கு வெளியே நின்று, மறுமுனைக்கு நேர் பின்னால் கரையில் தெரியும் ஒரு கட்டடத்தையோ பாறையையோ குறித்துவைத்துக்கொண்டவர் அந்தத் தொய்விலிருந்து துணிந்து முன்னே வரலாம். கடைசி நிமிடத்தில் காற்று போகும் பக்கம் ஒன்றரை, இரண்டு படகு நீளம் இடைவெளியைக் காக்க வேண்டும். மூக்கை இறக்கி வேகமெடுக்க அந்த இடம்தான் வேண்டும். இடமில்லாமல் புறப்பட்டவர் மற்றவர்களின் கலங்கிய காற்றில் மாட்டிக்கொள்வார்.

ஆயத்தக் கொடி கறுப்பாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டின் இரு முனைகளையும் முதல் குறியையும் (படகுகள் சுற்றி வர வேண்டிய மிதவை) இணைக்கும் முக்கோணத்துக்குள் தெரிந்தால் விசாரணையின்றித் தகுதியிழப்பு. அந்தப் பந்தயம் மறுபடி தொடங்கப்பட்டாலும் நீங்கள் வெளியேதான். ஆயத்தக் கொடியாக யு என்ற கொடி ஏறினால் கொஞ்சம் கருணை உண்டு: மறுதொடக்கம் ஆனால் திரும்ப வரலாம்.

புறப்பட்ட பின் காற்றை நோக்கி ஏறும் முதல் கட்டம். நேராகக் காற்றில் ஓட முடியாது, 45 டிகிரி அளவில் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். காற்று உங்கள் மூக்கைக் குறியிலிருந்து விலக்கித் தள்ளினால் டேக் அடித்து (மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி) மறுபக்கம் போவது பொதுவிதி. இரண்டு படகுகள் பக்கவாட்டில் 100 மீட்டர் பிரிந்திருக்கும்போது காற்று 10 டிகிரி திரும்பினால், திரும்பிய பக்கத்தில் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட 25 மீட்டர் லாபம். ஆகவே ஒரு ஓரத்துக்குப் போவது சூதாட்டம். தொடர் முழுக்கக் கணக்கு வைப்பவர்கள் கூட்டத்தை விட்டு அதிகம் பிரியாமல், சிறு லாபங்களைச் சேர்ப்பார்கள்.

உடலை ஆட்டி, பாயை விசிறிப் படகைத் தள்ளுவது 42-வது விதிப்படித் தடை. அலையில் சறுக்கத் தொடங்குவதற்கு ஒவ்வோர் அலைக்கும் பாயை ஒருமுறை இழுக்கலாம், அதற்கு மேல் நடுவர் மஞ்சள் கொடி காட்டுவார். முதல் தடவைக்குப் படகை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும், அதுவே தண்டனை. இரண்டாவது தடவை அந்தப் பந்தயத்திலிருந்து விலக வேண்டும்.

கடைசியில் முதல் 10 படகுகளுக்கு மட்டும் பதக்கப் பந்தயம். புள்ளி இரட்டை, கழிக்கவும் முடியாது. ஒருவர் 14 புள்ளி முன்னிலையோடு வருகிறார் என்று வையுங்கள். இரண்டாமவர் ஜெயித்தால் அவருக்கு 2 புள்ளி. முன்னிலையில் இருப்பவர் ஏழாவதாக வந்தால் 14, தங்கம் அவருக்கே. எட்டாவதாக வந்தால் 16, கூட்டுத்தொகை சமம். சமம் என்றால் பதக்கப் பந்தயத்தில் முந்தியவருக்கே மேலிடம், தங்கம் கைமாறும். அதனால்தான் முன்னிலையில் இருப்பவர் சில சமயம் பந்தயத்தை மறந்து எதிராளியை மட்டும் துரத்துகிறார்.

இதற்குப் பதக்கப் பந்தயம் என்ற ஏற்பாடு வருவதற்கு முன்பே பெரிய உதாரணங்கள் உண்டு. அன்று இந்தப் படகின் பெயர் லேசர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், சவானா கடலில் கடைசிப் பந்தயம். பிரேசிலின் ராபர்ட் ஷைட் முன்னிலை, பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி துரத்தல். கறுப்புக் கொடியின் கீழ் ஷைட் முந்திப் புறப்பட, ஐன்ஸ்லியும் கூடவே போனார். இருவரும் தகுதியிழந்தார்கள், தங்கம் ஷைட்டுக்கு. 2000-இல் சிட்னியில் அதே இருவர், மறுபடி ஷைட் முன்னிலை. ஐன்ஸ்லிக்குத் தங்கம் வேண்டுமானால் ஷைட் வெகு பின்னால் வர வேண்டும். தொடக்கம் முதலே அவர் ஷைட்டின் காற்றை மறைத்து, அவரைக் கூட்டத்தின் கடைசியில் அமுக்கிவைத்தார். விதிகளை மீறாதவரை, தன் தரவரிசைக்காக இப்படிச் செய்வது நியாயமான ஆட்டமே. ஷைட் விசாரணையில் தகுதியிழக்க, தங்கம் ஐன்ஸ்லிக்குப் போனது.