விழுங்கும் சத்தம்

"பால் நன்றாகக் குடிக்கிறது" என்று கேஸ் ஷீட்டில் இரண்டு இரவுகள் எழுதியது நான்தான். மகப்பேறு வார்டில் செவிலியராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை அப்போது.

37 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை, 2,600 கிராம். எப்போது அந்தக் கட்டிலைக் கடந்தாலும் தாயின் மார்பிலேயே கிடந்தான். "எடுத்தால் அழுகிறான், வைத்தால் தூங்கிவிடுகிறான் சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சொன்னது உண்மைதான். அதனால்தான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தராசில் 2,330 காட்டியது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தைத் தாண்டினால் இயல்பு இல்லை. முகத்திலும் நெஞ்சிலும் மஞ்சள் ஏறியிருந்தது. மஞ்சள் காமாலை வந்த குழந்தை இன்னும் தூங்கும், தூங்கத் தூங்கக் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் மஞ்சள் இன்னும் ஏறும்.

"இவளுக்குப் பால் ஊறவில்லை" என்று மாமியார் சங்கில் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். எங்கள் மூத்த செவிலியர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், "காதைக் கிட்டே கொண்டு வா" என்றார்.

ஒன்றும் கேட்கவில்லை. முயலின் மூக்கைப் போல உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பால் உள்ளே இறங்கினால் தாடை நன்றாகக் கீழே போய் ஒரு நொடி நிற்கும், பிறகு தொண்டையில் மெல்ல ஒரு 'க்' கேட்கும். இவன் நாலைந்து முறை சப்பிவிட்டுத் தூங்கியிருக்கிறான். இரண்டு நாளும் வாயில் மார்பு இருந்தது, வயிற்றுக்குப் பால் போகவில்லை.

சுற்றியிருந்த மூன்று துணிகளையும் அவிழ்த்து, வெற்றுடம்போடு தாயின் நெஞ்சில் கிடத்தினார். காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வைத்தார். சப்புவது நின்றதும் மார்பை மெல்ல அழுத்தச் சொன்னார். அதற்கும் விழுங்கவில்லை என்றால் அடுத்த பக்கம். தூங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும். குடித்து முடித்ததும் கையால் பீய்ச்சி எடுத்ததை, மாமியாரின் அதே சங்கைக் கொதிக்க வைத்து அதில் ஊற்றிப் புகட்டினோம். "கறக்கக் கறக்கத்தானே சுரக்கும், உங்கள் வீட்டில் மாடு இல்லையா?" என்று அவர் கேட்டதற்கு மாமியார் வாயைத் திறக்கவில்லை. மருமகள் மட்டும் சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கின் கீழே கிடத்துவதும் எடுத்துப் பால் கொடுப்பதுமாக அன்றைய பகலும் இரவும் போயின. மறுநாள் விடியற்காலையில் 'க்' கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அன்று மாலைக்குள் மலம் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது, ஈரத்துணிகள் கூடின. ஆறாம் நாள் எடை 2,410.

இப்போதெல்லாம் "விழுங்கும் சத்தம் கேட்டது, வலது 8 நிமிடம், இடது 5" என்று எழுதுகிறேன். கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கும் ஓடுகிறது. புதிதாக வந்த மருத்துவர் ஒருவர், "இது என்ன சிஸ்டர்?" என்று கேட்டார். ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன்.